ஆசானைப் பாடிய அருந்தமிழ்

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறு. நம் சங்கக் கட்டிடத்தில் தமிழ் வகுப்பு முடிந்து, பாய்களைச் சுருட்டி வைத்துக் கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"தாத்தா, செப்டம்பர் அஞ்சாம் தேதி எங்க ஸ்கூல்ல ஆசிரியர் தினம். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க தாய்மொழியிலே டீச்சரைப் பத்தி ஒரு கவிதை சொல்லணுமாம். எனக்குத் தமிழ்ல ஒண்ணு வேணும். பஸ், எட்டு லைன் போதும்."

'பஸ்' என்றாலும் 'போதும்' என்றாலும் ஒன்றுதான் என்பது நாக்பூரில் பிறந்த குழந்தைகளுக்கு நினைவிருப்பதில்லை. அது கிடக்கட்டும். எட்டு வரிதானே, இதென்ன பெரிய காரியம் என்று, "அடுத்த வாரம் தருகிறேன் அம்மா" என்று வாக்குக் கொடுத்து விட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய ஆண்டு மலர்களையும் கவியரங்கத் தொகுப்புகளையும் எடுத்துப் புரட்டினேன். ஆசிரியரைப் பற்றிய கவிதைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆசிரியர் ஏணி, ஆசிரியர் தோணி, ஆசிரியர் மெழுகுவர்த்தி, ஆசிரியர் கலங்கரை விளக்கம். பத்துக் கவிதை படித்து முடித்ததும் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஏணி இருக்கிறது, தோணி இருக்கிறது, ஆசிரியர் எங்கே? மாலை நான்கு மணிக்குத் தொண்டை கட்டிப் போய், கையெல்லாம் சுண்ணக்கட்டித் தூளாக நிற்கும் அந்த மனிதர் இந்தப் பாட்டுகளில் எங்குமே காணோமே!

நான் கவிஞன் அல்லன், புலவனும் அல்லன். சிவில் டிப்ளமா முடித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து, 2019ல் ஓய்வு பெற்றவன். ஆயினும் தொழில் பழக்கம் விடவில்லை. ஒரு பாதையில் பிசகு தெரிந்தால், நல்ல பாதை எப்படி இருந்தது என்று பின்னோக்கி நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். அப்படித்தான் நம் முன்னோர் ஆசிரியரை எப்படிப் பாடினார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்த ஒரு வாரத் தேடலில் கிடைத்ததையும், அதனால் எனக்கு நேர்ந்ததையும் உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

மன்னன் சொன்ன பாடம்

முதலில் கைக்கு வந்தது புறநானூறு. அதன் 183ஆம் பாட்டைப் பாடியவர் ஏழைப் புலவர் அல்லர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் என்ற பாண்டிய மன்னர். வடவர் படையை வென்ற பெருமையைத் தம் பெயரிலேயே தாங்கியவர். அப்படிப்பட்டவர் என்ன சொல்கிறார்? ஆசிரியருக்கு ஒரு துன்பம் வந்தால் ஓடிப்போய் உதவு. பொருள் மிகுதியாகக் கொடு. அவர் முன் பணிந்து நிற்பதைக் குறைவாக நினைக்காதே. அப்படியாவது படித்துக் கொள் என்கிறார்.

இதில் என் மனத்தைத் தொட்டது பணிவு பற்றிய பேச்சு அன்று. ஆசிரியருக்கும் முட்டுப்பாடு வரும், அவருக்கும் அரிசி பருப்பு வேண்டும் என்பதை ஓர் அரசர் பாட்டின் தொடக்கத்திலேயே நினைத்துப் பார்த்திருக்கிறார் அல்லவா, அதுதான்! மெழுகுவர்த்திக்குப் பசிக்காது. மனிதருக்குப் பசிக்கும். பெற்ற தாயின் மனம்கூடப் படித்த பிள்ளையின் பக்கமே சாயும் என்று அதே பாட்டில் அவர் சொல்வதும் வீடுகளில் நாம் கண்டும் காணாமல் இருக்கும் உண்மைதான்.

வள்ளுவரும் கல்வி அதிகாரத்தில் இதே கருத்தைத் தொடுகிறார். செல்வர் முன் வறியவர் நிற்பது போல ஏக்கத்தோடு நின்றேனும் கற்பவரே உயர்ந்தவர் என்பது அவர் முடிவு. அதற்கு முந்தைய குறளில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. கூடியிருக்கும் நேரம் மகிழ்ச்சியாகக் கழிய, பிரியும்போது 'இனி எப்போது சந்திப்போம்' என்ற நினைப்பை விட்டுச் செல்வதே புலமையுடையோர் தொழில் என்கிறார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுகிறார்களா, அல்லது "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க சார்" என்கிறார்களா? ஆசிரியர் தொழிலுக்கு இதைவிடச் சிறந்த தேர்வு உண்டா?

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளி. 1975ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கி விட்டது. அப்பாவிடம் நாற்பது ரூபாய் குறைந்தது. எங்கள் தமிழாசிரியர், நாங்கள் 'தமிழய்யா' என்று அழைப்பவர், திண்ணையில் உட்கார்ந்து விவரம் கேட்டார். உள்ளே போனார். ஒரு மஞ்சள் பையிலிருந்து ஒன்றும் இரண்டுமாக எண்ணி நாற்பது ரூபாய் கொடுத்தார். மாதக் கடைசி வாரம் அது. அந்த வீட்டில் அன்று என்ன சமையல் நடந்திருக்கும் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.

1981ல் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் அவர் பெயருக்கு மணியார்டர் அனுப்பினேன். இருபது நாள் கழித்து அது திரும்பி வந்தது. 'பெறுபவர் காலமானார்' என்று தபால்காரர் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவர் இறந்து நான்கு மாதமாகியிருந்த செய்தி பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆறு வருடத்தில் நான் அவருக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. பாண்டியன் சொன்ன பாடத்தை அந்தத் தமிழய்யாவிடமே படித்தவன் நான்!

நன்னூல் வகுத்த இலக்கணம்

எங்கள் வேலையில் எதற்கும் ஓர் அளவு உண்டு. அகலப்பாதை என்றால் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1676 மில்லிமீட்டர். கூடினாலும் குறைந்தாலும் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று கணக்கு உண்டு. 'நல்ல பாதை' என்று சும்மா புகழ்ந்து விட்டுப் போக முடியாது. ஆசிரியருக்கும் அப்படி ஓர் அளவுகோல் வகுத்துத் தந்தவர் பவணந்தி முனிவர். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் வேண்ட அவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில் அது இருக்கிறது. இலக்கண நூல்தானே என்று ஒதுக்க வேண்டாம். சூத்திரமும் செய்யுள்தான், அதிலும் உவமை உண்டு.

நல்லாசிரியருக்கு அவர் தேர்ந்த உவமைகள் நான்கு: நிலம், மலை, துலாக்கோல், மலர். நிலம் மிதித்தாலும் பொறுக்கும். உழுதவன் உழைப்புக்கு ஏற்ற பலனைப் பருவத்தில் கொடுக்கும். மலையை அளந்து முடிக்க முடியாது. மழை பொய்த்த காலத்திலும் தன்னிடமுள்ளதைத் தரும். துலாக்கோல் ஐயத்தைத் தீர்க்கும். எந்தப் பக்கமும் சாயாது. மலர் இல்லாமல் நல்ல காரியம் நடவாது. அது மென்மையானது, எல்லோரும் விரும்பி ஏற்பது. நன்றாகக் கவனியுங்கள். உயர்வுக்காக மட்டும் சொன்ன உவமைகள் அல்ல இவை. ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்கிறது.

அதோடு விட்டாரா? ஆசிரியர் ஆகத் தகாதவருக்கும் நான்கு உவமை சொல்லி வைத்தார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. எங்கள் தமிழய்யா இந்தப் பாடம் நடத்திய நாள் இன்றும் கண்முன் நிற்கிறது. ஒரு சிறு மண்குடத்தையும் பத்துக் கழற்சிக் காய்களையும் வகுப்புக்குக் கொண்டு வந்தார். காய்களின் மேல் சுண்ணக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி வரிசையாக உள்ளே போட்டார். பிறகு குடத்தைக் கவிழ்த்தார். ஏழு முதலில் வந்தது, இரண்டு கடைசியில் உருண்டது. "படித்த வரிசையில் சொல்லத் தெரியாத வாத்தியார் இப்படித்தான்" என்றார். வகுப்பே சிரித்தது. பிறகு சன்னல் பக்கம் கையை நீட்டினார். பள்ளியின் தென்னை ஒன்று வேலி தாண்டி அடுத்த தோட்டத்தில் சாய்ந்திருந்தது. "தண்ணீர் ஊற்றுவது நாம். காய் விழுவது அங்கே. அதுதான் முடத்தெங்கு." மடல் சூழ்ந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால்தான் பழம். பஞ்சு அடைத்த குடுக்கையிலோ அடைப்பதும் சிரமம், எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். இவற்றையும் அப்படியே நடித்துக் காட்டினார். அரை நூற்றாண்டு ஆகிறது, ஒன்றுகூட மறக்கவில்லை.

எப்படிக் கற்பிப்பது என்பதற்கும் ஒரு சூத்திரம் உண்டு. இடமும் காலமும் பார்க்க வேண்டும், சொல்லப் போவதை முன்பே சிந்தித்துக் கொள்ள வேண்டும், அவசரம் கூடாது, கோபம் கூடாது, விருப்பத்தோடும் மலர்ந்த முகத்தோடும், எதிரில் இருப்பவன் எவ்வளவு வாங்கிக் கொள்வான் என்று அறிந்து கொடுக்க வேண்டும். இதில் 'கோபம் கூடாது' என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சற்று நேரத்தில் எனக்கு அது தேவைப்படும்.

நான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தபோது எங்கள் கேங்கின் மேட் ஒருவர் இருந்தார். விதர்ப்பக் கிராமத்துக்காரர், கையெழுத்துப் போடத் தெரியாதவர். தண்டவாளத்தின் மேல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நெடுக நோட்டம் விட்டு, 'அந்த நாலாவது கட்டைக்குப் பக்கத்தில் லைன் விலகியிருக்கிறது' என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். எனக்கு மூன்று நாளாகியும் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவர் சிரிக்கவில்லை, சலிக்கவில்லை. என்னைக் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அழைத்துப் போய்க் குனியச் சொன்னார். தண்டவாளத்தின் மேல் ஒளி வளைவது தெரிந்தது! இடமும் காலமும் அறிந்து, கொள்பவன் திறமும் அறிந்து கொடுத்தார். அவர் நன்னூல் படித்ததில்லை. ஆனால் நன்னூல் அவரை அறிந்திருந்தது.

அதே பாயிரத்தில் இன்னொரு கணக்கும் வருகிறது. ஆசிரியர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டுக் கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு எப்போது வருகிறது? தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது! கற்பித்தல் என்பது கொடுப்பது மட்டும் அன்று, அதுவே பெரும் பங்கு பெறுவதும்கூட என்று ஓர் இலக்கண நூல் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பது நம் மொழிக்குப் பெருமை அல்லவா?

ஆசானைப் பாடிய மாணவர்கள்

அளவுகோல் இருந்தால் போதுமா? அந்த அளவுக்குச் சரியான ஆசிரியர் இருந்தாரா என்று கேட்கலாம். இருந்தார். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). எண்ணற்ற தலபுராணங்களும் பிள்ளைத்தமிழ்களும் பாடியவர். அவர் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதுவதற்குத் திணறுவார்களாம். வறுமை அவரை விட்டதில்லை. ஆயினும் பாடம் கேட்க வந்தவர்களுக்குத் தம் வீட்டிலேயே சோறு போட்டு வைத்துக் கொண்டார். சாதி, சமயம் பார்த்துப் பாடம் சொன்னவரும் அல்லர். பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர். அவர் மகாவித்துவானைப் புகழ்ந்து பாட, மகாவித்துவான் அவர்மேல் 'குளத்தூர்க் கோவை' பாடினார். என்ன அருமையான நட்பு!

இந்த மகாவித்துவானிடம் 1871ல் மாயூரத்தில் வந்து சேர்ந்தவர்தான் உ.வே. சாமிநாதையர். வேங்கடராமன் என்ற அவர் பெயரைச் 'சாமிநாதன்' ஆக்கியதே ஆசிரியர்தான். ஐந்தே ஆண்டுகளில், 1876ல், ஆசிரியர் மறைந்து விட்டார். மாணவர் என்ன செய்தார்? ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து சங்க நூல்களை அச்சேற்றியது உலகறிந்த கதை. தம் எழுபதுகளின் பிற்பகுதியில், 1933லும் 1934லும், ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஆசிரியர் கண் மூடி அறுபது ஆண்டு நெருங்கும் வேளையில் ஒரு மாணவர் செய்த காரியம் அது. எந்த ஊரில், யாருக்கு, என்ன பாடம், எந்த நாளில் என்ன கஷ்டம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உரைநடைதான். ஆனால் ஆசிரியரைப் பாடுவது என்றால் என்ன என்று அதைப் படித்தால் விளங்கும்.

சாமிநாதையருக்கு 1906ல் மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தபோது, இளைஞரான பாரதி அவரை வாழ்த்திப் பாடினார். பெரும் பொருளும் சுகபோகமும் சேரவில்லையே என்று வருந்தாதீர்கள், தமிழ்ப் புலவர் வாய்கள் உள்ளவரை உங்கள் புகழ் இருக்கும் என்பது அதன் கருத்து. பாண்டியன் பாட்டில் கண்ட அதே நினைப்பு! ஆசிரியர் கையில் காசில்லை என்பதை வாழ்த்துப் பாவிலும் பாரதி மறைக்கவில்லை. மறைக்காததால்தான் அந்த வாழ்த்தில் உயிர் இருக்கிறது.

அந்தப் பாரதியும் 1904ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியராக இருந்தவர். அவரைத் தம் ஆசானாகக் கொண்ட புதுவை கனகசுப்புரத்தினமோ முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியாசிரியர். 'பாரதிதாசன்' என்று தமக்கே பெயர் வைத்துக் கொண்டார். ஆசானைப் பாடிய பாட்டுகளில் மிகச் சிறியது எது என்று யாராவது கேட்டால், அந்த ஒரு சொல்லைத்தான் நான் சொல்வேன்.

நாம் வாழும் மண்ணில்

தமிழை மட்டும் பேசிக் கொண்டிருந்தால், "எங்க ஸ்கூல்ல வேற சொல்லிக் குடுத்தாங்களே தாத்தா" என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் இந்திப் புத்தகத்தில் கபீரின் ஈரடிகள் வருகின்றன. குருவும் கடவுளும் ஒருங்கே வந்து நின்றால் முதலில் யாரை வணங்குவது? குருவைத்தான், கடவுளைக் காட்டியவர் அவரல்லவா என்பது கபீர் பெயரால் வழங்கும் ஒரு பாட்டின் கருத்து. எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. குரு குயவர், சீடன் பானை. வெளியே ஒரு கை தட்டும்போது உள்ளே இன்னொரு கை தாங்கிக் கொண்டிருக்கும் என்பது. அடிக்கிற கை எல்லோருக்கும் தெரியும். தாங்குகிற கை பானைக்கு மட்டுமே தெரியும்.

இந்த மகாராஷ்டிர மண்ணிலேயே ஒரு கவிஞர் இருந்தார். ஜனவரி 3ஆம் தேதி நம் பிள்ளைகளின் பள்ளிகளில் படத்துக்கு மாலை போடுகிறார்களே, அந்த சாவித்திரிபாய் புலேதான். 1831ல் பிறந்தவர். கணவர் ஜோதிராவ் புலேயோடு சேர்ந்து 1848ல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவர் பாடம் சொல்லப் போகும் வழியில் சேறும் சாணமும் வீசினார்கள். மாற்றிக் கட்ட இன்னொரு புடவையைப் பையில் எடுத்துக் கொண்டு போனார் என்று சொல்கிறார்கள். 1854ல் 'காவ்ய புலே' என்ற அவருடைய கவிதைத் தொகுதி வெளிவந்தது. எழுந்திருங்கள், படியுங்கள், படிப்பில்லாமல் எல்லாம் பாழ் என்று தம் மாணவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் பார்த்துப் பேசும் கவிதைகள் அதில் உண்டு. ஆசிரியரைப் பிறர் பாடுவது ஒரு வகை. ஆசிரியரே வகுப்புக்குப் போகும் வழியில் பட்டதையெல்லாம் பட்டு, கற்றலைப் பாடுவது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் மெழுகுவர்த்திக்கு இடமே இல்லை.

தோற்ற ஆசிரியர்

இவ்வளவும் படித்த பிறகும் அந்தக் குழந்தைக்கு எட்டு வரி அமையவில்லை. வெள்ளிக்கிழமை இரவு, 1917ல் முதலில் நூலாக வந்த பாரதியின் கண்ணன் பாட்டை எடுத்தேன். கண்ணனைத் தாயாக, தந்தையாக, சேவகனாகப் பாடியவர் குருவாகவும் பாடியிருக்கிறார், சீடனாகவும் பாடியிருக்கிறார் அல்லவா? 'சீடன்' பாட்டைப் பள்ளியில் படித்திருக்கிறேன். அறுபத்தாறு வயதில் படித்தபோதுதான் அது யாரைப் பற்றியது என்று எனக்குப் புரிந்தது.

அதற்கு முன் என் குற்றம் ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். நம் ஞாயிறு வகுப்புக்குப் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வருவான். லகர, ளகர, ழகரச் சொற்களை ஒரு பக்கம் எழுதச் சொன்னால் எழுதமாட்டான். "அடுத்த வாரம்" என்பான். சிரித்துச் சொன்னேன், கெஞ்சினேன், அதட்டினேன். ஜூலை மாதத்தில் ஒரு நாள் நோட்டை வாங்கிப் பார்த்தால், பக்கம் முழுதும் ரயில் எஞ்சின் படம். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! முப்பது குழந்தைகள் முன்னால், "எழுத முடியாதென்றால் இனிமேல் வராதே, போ" என்று கத்தினேன். அவன் அழவில்லை. பையை எடுத்துக் கொண்டு போய் விட்டான். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நானும் கௌரவம் பார்த்துச் சும்மா இருந்து விட்டேன்.

இனி பாரதி பாட்டுக்கு வருவோம். தன்னையே திருத்திக் கொள்ளாத ஒருவர் பிறரைத் திருத்தப் புறப்படுகிறார். கண்ணன் சீடனாக வந்து சேர்கிறான். எதைச் செய்யாதே என்கிறாரோ அதைச் செய்கிறான். ஊர் அவனைப் பித்தன் என்கிறது. ஆசிரியர் நயமாகச் சொல்கிறார், சினந்து சொல்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு கவிதையைப் பிரதி எடுத்துக் கொடு என்று ஒரே ஒரு வேலை தருகிறார். சரி என்றவன் சற்று நேரத்தில் எழுந்து விடுகிறான். நாளைக்குச் செய்கிறேன் என்கிறான். இப்போதே செய்வாயா, மாட்டாயா என்று கேட்டால், மாட்டேன் என்று வெடுக்கென்று சொல்கிறான். என் முகத்தில் விழிக்காதே, போ என்று துரத்துகிறார் ஆசிரியர்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்து விட்டேன்.

பிறகுதான் மேலே படித்தேன். சீடன் எழுந்து போகிறான். ஆசிரியர் கண்ணில் நீர் வந்து விடுகிறது. மகனே, நீ நன்றாக இரு, உன்னை ஆக்கிவிட எண்ணி நான்தான் தோற்றுவிட்டேன் என்கிறார். அடுத்த கணம் கண்ணன் ஒரு நல்ல எழுதுகோலோடு திரும்பி வந்து, கொடுத்ததை அழகாக எழுதிக் கொடுத்து விட்டு மறைகிறான். நெஞ்சுக்குள் வந்து சொல்கிறான்: ஒன்றை ஆக்குவதும் மாற்றுவதும் உன் கையில் இல்லை, தோற்றேன் என்று நீ சொன்னபோதே வென்று விட்டாய், ஆசையை விட்டு உன் தொழிலைச் செய்து கொண்டிரு.

ஆசிரியரைப் புகழும் பாட்டுகளில் இதைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். நான் சேர்ப்பேன், முதலிடத்தில் வைப்பேன். ஏனென்றால் ஆசிரியர் தொழிலின் உள்ளே போய், அது தோற்கும் இடத்தைத் தொட்டு, அங்கே நின்றும் அத்தொழிலை விடாதே என்று சொல்லும் பாட்டு இது. ஏணி என்றும் தோணி என்றும் பாடுகிறவர்களுக்கு ஆசிரியர் தோற்கவும் கூடும் என்பது தெரியாது. தோற்று விட்டு மறுநாளும் வகுப்புக்குப் போகிறாரே, புகழ வேண்டியது அதைத்தானே?

மறுநாள் சனிக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பையன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். "வகுப்புக்குக் கூப்பிட வரவில்லை அப்பா. அன்றைக்கு எல்லார் முன்னாலேயும் கத்தினது தப்பு. அதைச் சொல்ல வந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தப் படத்தைப் பாத்தீங்களா தாத்தா?" என்றான். நோட்டைக் கொண்டு வந்து காட்டினான். நான் அன்று கோபத்தில் பார்க்காததை இன்று பார்த்தேன். எஞ்சின் கூரைமேல் பேன்ட்டோகிராஃப் மிகச் சரியாக வரைந்திருந்தது. 38 வருடம் ரயில்வேயில் இருந்தவன் அதைக் கண்டு கொள்ளாமல் துரத்தி விட்டேனே!

மூன்று வாரம் கழித்துத் தானாகவே வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்தான். இப்போது அவனுக்கு வேறு பாடம். நாக்பூரிலிருந்து தாத்தா பாட்டி ஊர் வரையில் வரும் ஸ்டேஷன் பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும். சேவாகிராம், சந்திரப்பூர், பல்லார்ஷா, வாரங்கல், விஜயவாடா, கூடூர், சென்னை என்று போய், விழுப்புரத்தில் ழகரம் வந்து சேர்ந்தது. சோழன் எக்ஸ்பிரசில் இன்னொன்று. வாயில் இன்னும் 'பளம்'தான் வருகிறது. ஆகட்டும், அவசரம் கூடாது என்று பவணந்தியார் சொல்லியிருக்கிறாரே.

எட்டு வரி

அந்தப் பெண் குழந்தைக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். "நான் தேடியதில் உன் டீச்சர் எங்கும் இல்லை அம்மா. உன் டீச்சரைப் பார்த்தவள் நீதான். அவர் தினமும் என்ன செய்கிறார் என்று சொல்லு, நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்துகிறேன்" என்றேன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு யோசித்து யோசித்துச் சொன்னாள். அவளுடைய கணக்கு டீச்சர் மராத்திக்காரர். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டு வந்து தொண்டைக்குக் குடிப்பார். இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கும்போது அவர் நோட்டுத் திருத்துவார். தப்புக் கணக்கை அடிக்க மாட்டார், எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்று அங்கே ஒரு சின்னப் புள்ளி வைப்பார். இதுதான் எட்டு வரியும். எதுகை இல்லை; மோனை தற்செயலாக ஓரிடத்தில் விழுந்தது.

செப்டம்பர் 5 அன்று தமிழில் சொல்லி விட்டு மராத்தியில் பொருள் சொன்னாளாம். அந்தப் புள்ளியைப் பற்றிச் சொன்னபோது டீச்சர் எழுந்து வெளியே போய் விட்டு, முகம் கழுவிக் கொண்டு வந்தார் என்று அவளே என்னிடம் சொன்னாள்.

வாசக அன்பர்களே! நம் சங்கத்தில் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நம்மில் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊரில் ஒரு வாத்தியார் இருந்தார். அவரைப் பற்றி எட்டு வரி எழுதுங்கள். ஏணி வேண்டாம், தோணி வேண்டாம். அவர் என்ன செய்தார் என்று மட்டும் எழுதுங்கள். இருப்பவர்களானால், முகவரி கண்டுபிடித்து இந்த வாரமே அனுப்பி விடுங்கள். திரும்பி வந்த மணியார்டர் ஒன்று என் பெட்டியில் இன்னும் இருக்கிறது. அது போன்ற ஒன்று உங்கள் பெட்டியில் இருக்க வேண்டாம்.